பழைய பஞ்சாங்கமும் புதிய பரீட்சையும்

சென்ற மாதம் நம் சங்கச் செயலாளர் விடுதி உணவறையில் என்னை மடக்கிக்கொண்டார். "இதழில் கவிதையும் கதையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. வேலைக்கு உதவுவதாக ஒன்றும் இல்லை. நீங்கள் அந்த லினக்ஸ் பரீட்சையில் தேறியவராயிற்றே! அதற்கு எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள்" என்றார். தேறியவன் என்று அவர் சொன்னது மெய்தான். ஒருமுறை தவறிய பிறகே தேறினேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறொருவரைத் தேடிப் போயிருப்பார். ஆனால், எதைப் படிப்பது என்று சொல்லும் தகுதி தவறியவனுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நூல் எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதை அவன் அறிவான்.

கணிப்பொறித் துறையைச் சேராத அன்பர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் அதில் செய்யும் வேலைக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் நிருவகிப்பது இயங்குதளம். அத்தகைய ஓர் இயங்குதளத்தின் உட்கரு லினக்ஸ். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதி வெளியிட்டார். பல நாட்டாரும் கூடி அதை வளர்த்தார்கள். அதனுடன் வேண்டிய துணைக் கருவிகளைச் சேர்த்து, நிறுவனங்களுக்கு ஏற்றபடி தொகுத்துத் தருவோருள் ஒன்று ரெட் ஹேட். 1993இல் தோன்றிய அந்நிறுவனம் 2019இல் ஐபிஎம் வசமாயிற்று. அதன் இயங்குதளத்தை நிருவகிக்கத் தெரிந்தவர் என்று சான்று தரும் முதற்படித் தேர்வுக்கு ஆர்எச்சிஎஸ்ஏ என்று பெயர். தேர்வின் எண் இஎக்ஸ்200. பெற்ற சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

இத்தேர்வில் நாம் பழகிய வினாத்தாள் கிடையாது. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் வேலையும் கிடையாது. ஒரு கணிப்பொறியின் முன் உட்காரவைத்து, இன்னின்னவற்றைச் செய்து வை என்கிறார்கள். மூன்று மணி நேரம். இணையம் இல்லை, குறிப்பேடு இல்லை. 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. எந்த வழியில் செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. செய்து வைத்தது நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொறியை அணைத்து மீண்டும் ஏற்றிய பிறகும், யாரும் கை வைக்காமலே, அது நிற்க வேண்டும். இந்த நிபந்தனையை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. தேர்வைப் பற்றிய அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நானும் படித்தேன். படித்தேனே தவிர மனத்தில் வாங்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். முதலில் நான் பெயரைப் பார்த்து ஏமாந்தேன். இளங்கலையில் எங்களுக்கு இயங்குதளம் என்றே ஒரு பாடம் இருந்தது. சில்பர்ஷாட்ஸ் முதலானோர் எழுதிய, அட்டையில் டைனோசர் போட்ட அந்தப் பெரிய நூலைப் பொறியியல் மாணவர் எவரும் அறிவர். 1983இல் முதற்பதிப்பும் 2018இல் பத்தாம் பதிப்பும் கண்ட நூல். ஓடும் நிரல்களுக்குள் நேரத்தைப் பங்கிடுவது எப்படி, நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுப்பது எப்படி, இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்று இரண்டுமே முடங்கிப் போவது ஏன் என்பனவற்றை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் அரிது. இதுவும் இயங்குதளத் தேர்வுதானே என்று அதை மறுபடியும் மூன்று வாரம் படித்தேன். சமையல் வேலைக்குப் போக வேண்டியவன் நெருப்பின் வேதியியலைப் படித்துக்கொண்டிருந்த கதைதான். கேட் தேர்வு எழுதும் நண்பர்கள் அந்த நூலை விட்டுவிட வேண்டாம். அவர்களுக்கு அது வேண்டும். நிருவாகத் தேர்வுக்குப் போகிறவர் அதை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

அடுத்த தவறு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தில்லியில் படிக்கும் நமக்குத் தரியாகஞ்சு ஞாயிற்றுச் சந்தையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நடைபாதையில் பரந்து கிடந்த அந்தப் பழைய புத்தகச் சந்தை 2019இல் தில்லி கேட் அருகே மகிளா ஹாட் என்னும் இடத்துக்கு மாறியது. புத்தகமும் பேரமும் மாறவில்லை. அங்கே, இதே தேர்வுக்கென்று எழுதிய தடித்த நூல் ஒன்று, புதிய நூலின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. ஊரிலிருந்து அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து அனுப்பிய பணத்தில் தேர்வுக் கட்டணம் போக மிச்சம் பிடித்தோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையில் தேர்வின் பெயர் சரியாக இருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 6 என்ற எண் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த 6 இயங்குதளத்தின் பதிப்பு எண். அது வெளிவந்தது 2010இல். 7 வந்தது 2014இல். 8 வந்தது 2019இல். 9 வந்தது 2022இல். நான் எழுதவிருந்ததோ 9ஆம் பதிப்பின் தேர்வு. மூன்று எண் வித்தியாசம்தானே, அடிப்படை ஒன்றுதானே என்று எண்ணினேன். அடிப்படையே இடையில் மாறியிருந்தது. 6இல் பின்னணிச் சேவைகளை இயக்கவும் நிறுத்தவும் இருந்த கட்டளைகள், 7இல் சிஸ்டம்டி என்னும் புது ஏற்பாடு வந்தவுடன் பழங்கதையாயின. தீயரணை அமைக்கும் முறையும் மாறியது. வட்டில் கோப்புகளை ஒழுங்குசெய்யும் அமைப்பாக 6இல் இயல்பாக இருந்தது இஎக்ஸ்டி4. 7முதல் அந்த இடத்துக்கு எக்ஸ்எஃப்எஸ் வந்துவிட்டது. இந்தக் கடைசி மாற்றம் எனக்கு இரண்டு இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. வட்டுப் பகுதி ஒன்றைச் சுருக்குவது எப்படி என்று நூலில் ஒரு பயிற்சி. நூல் சொன்னபடியே தட்டினேன். சூப்பர்பிளாக்கில் மாய எண் சரியில்லை என்று பொறி விடை சொன்னது. மாயமாவது மந்திரமாவது! வட்டு பழுதாகிவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். மறுபடியும் அதே விடை. மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. எக்ஸ்எஃப்எஸ் அமைப்பைப் பெருக்கலாம், சுருக்க முடியாது. நூலில் இருந்த கட்டளை இஎக்ஸ்டி குடும்பத்துக்கு உரியது. நூலின் மேல் பிழை இல்லை. தன் காலத்துக்கு அது நல்ல நூலாகவே இருந்திருக்கும். போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு முகூர்த்தம் பார்த்தவன் நான்.

சந்தையில் இன்னொரு குவியலும் உண்டு. மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ தேர்வுகளுக்கான நூல்கள் பளபளப்பான அட்டையோடு கிடக்கும். அந்தச் சான்றுகளுக்கான தேர்வுகளையே 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய நூலிலாவது தேர்வு இருந்தது. அங்கே தேர்வே இல்லை. வாங்குமுன் கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. அவர் எடையைப் பார்த்து விற்கிறவர்.

தடித்த நூல் கைவிட்டதும் காணொளிப் பாடங்களுக்குத் தாவினேன். புதிய பதிப்புக்கென்றே எடுத்த பாடங்கள். ஆசிரியர் கெட்டிக்காரர், குரல் இனிமை, கட்டளைகள் மளமளவென்று ஓடும், ஒவ்வொன்றும் வெற்றி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி மாடியில் கைப்பேசியில் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எல்லாம் எனக்கே தெரிந்துவிட்டது போன்ற ஒரு சுகம். ஒரு நாளைக்கு நான்கு பாடம் முடித்தேன். எத்தனை கட்டளையை என் கையால் தட்டினேன் என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால் நாணியிருப்பேன். இன்னொரு குறை இருந்தது; அதை அப்போது நான் காணவில்லை. அந்த ஆசிரியர் எந்தப் பாடத்தின் முடிவிலும் பொறியை அணைத்து ஏற்றிக் காட்டவில்லை.

தேர்வு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். வினாக்கள் இன்னவை என்று சொல்வதற்கில்லை; வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறோம். என் பிழையை மட்டும் சொல்லத் தடையில்லை. அது ரெட் ஹேட் வெளியிட்ட பாடப் பட்டியலிலேயே உள்ள பொருள்தான். வட்டுப் பகுதிகள் பொறி ஏறும்போது தாமாகவே இணைய வேண்டுமானால், எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் பகுதியின் அடையாள எண் என்று ஒரு நீளமான சரம் வரும். கட்டளையால் இணைத்துப் பார்த்தேன், இணைந்தது. கோப்பிலும் வரியை எழுதினேன். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கையில், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பொறியை அணைத்து ஏற்றினேன். திரையில் ஒரு வரி நின்றது. அந்த வட்டுக்காகக் காத்திருப்பதாகவும், ஒன்றரை நிமிடம்வரை காத்திருக்கப் போவதாகவும் நொடிக் கணக்கு ஓடியது. அடையாளச் சரத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். இல்லாத வட்டை அது தேடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு நொடி முடிந்ததும் அவசர நிலைக்குப் போய், நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது.

இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஏற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை. அந்தத் திரையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கை நடுங்கியது. எதைத் தட்டினேன் என்று நினைவில்லை. பத்து நிமிடமும் போயிற்று. ஏறாத பொறியில் முன்பு செய்து வைத்த சரியான வேலைகளையும் யார் போய்ப் பார்ப்பார்கள்? மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. 210க்கு வெகு தூரம் கீழே நின்றேன்.

அன்று மாலை அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அடுத்த தடவைக்குப் படிக்கச் சரியான புஸ்தகம் இருக்கா?" எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் விடுதியில் ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். துறையின் கணிப்பொறிகளையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார். அவரிடம் போய், எந்தப் புத்தகம் வாங்கட்டும் அண்ணாச்சி என்றேன். "புத்தகம் இருக்கட்டும் தம்பி. தேர்வுக்காரன் போட்ட பட்டியல் எங்கே? அதை எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார். ஒவ்வொரு பதிப்புக்கும் இன்னின்ன செயல்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ரெட் ஹேட் ஒரு பட்டியலை வெளியிட்டிருக்கிறது. காசில்லை, யாரும் எடுக்கலாம். அதை நான் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. அண்ணாச்சி அதை அச்செடுத்து வரச் சொன்னார். நான் வாங்க நினைத்த நூல்களின் உள்ளடக்கத்தை அதன் அருகே வைத்து, வரிக்கு வரி ஒப்பிடச் சொன்னார். அரை மணி நேரத்தில் கதை வெளுத்துவிட்டது. 7ஆம் பதிப்பின் தேர்வில் இல்லாத கன்டெய்னர் வேலை 9இல் இருந்தது. பாட்மன் என்ற கருவியால் செய்வது. என் தடித்த நூலில் அந்தச் சொல்லே இல்லை. பட்டியலில் இல்லாத பொருளுக்கோ அந்த நூலில் பல அத்தியாயங்கள் இருந்தன.

பிறகு தோல்வி மின்னஞ்சலைக் கேட்டார். அதில் மொத்த மதிப்பெண்ணோடு, எந்தெந்தப் பகுதியில் நூற்றுக்கு எத்தனை என்றும் இருந்தது. வெட்கத்தில் அதை நான் சரியாகப் படிக்கவே இல்லை. அவர் பட்டியலில் அந்தந்தப் பகுதிக்கு நேராகப் பென்சிலால் எண்ணைக் குறித்தார். எதைப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி சொன்ன மற்றொன்று, தேர்வறைக்குள் நாம் கொண்டுபோகக்கூடிய நூல் எதுவோ அதைப் படி என்பது. குறிப்பேடே கூடாத அறைக்குள் நூல் ஏது? பொறிக்குள்ளேயே ஒரு நூல் இருக்கிறது. மேன் என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் திரையில் விரியும். இயங்குதளத்தோடு வரும் இந்த விளக்க ஏடுகள் தேர்வுப் பொறியிலும் இருக்கும். வெளியே கிடைக்கும் எந்த நூலும் காணொளியும் அந்த அறைக்குள் நம்மோடு வருவதில்லை. ஆனாலும் மாணவர்கள் இதைத் தொடுவதில்லை, நானும் தொடவில்லை. காரணம் உண்டு. முதலில் பார்த்தால் அது பொதுப்பணித் துறை அறிவிக்கை போல இருக்கும். கதைபோல முதலிலிருந்து படிக்க முயன்றால் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும்.

அதைப் படிக்கும் முறை வேறு. பெரும்பாலும் பயன் கடைசியில் இருக்கிறது. வட்டுப் பகுதி உண்டாக்கும் கட்டளையின் ஏட்டில் அடிப்பகுதிக்குப் போனால் எடுத்துக்காட்டுகள் வரிசையாக நிற்கின்றன. வலையமைப்புக் கட்டளையான என்எம்சிஎல்ஐக்கு எடுத்துக்காட்டுகளுக்கென்றே தனி ஏடு இருக்கிறது. கட்டளையின் பெயர் மறந்துபோனால், மேன் என்பதோடு கே என்னும் விசையெழுத்தைச் சேர்த்து, பொருளைச் சொல்லித் தேடலாம். சில சமயம் ஒன்றும் அகப்படவில்லை என்று கையை விரிக்கும். அதற்கு அட்டவணை இன்னும் உண்டாகவில்லை என்று பொருள். மேன்டிபி என்று ஒருமுறை தட்டினால் அட்டவணை உண்டாகிவிடும். இது தெரியாமல் ஏடே இல்லை என்று நினைத்தவர் பலர். இன்னொன்று, ஏடுகள் பகுதி பகுதியாக எண்ணிடப்பட்டவை. கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை முதற்பகுதியில் இருக்கிறது. அதே பெயருள்ள கோப்பில் எந்தக் கட்டத்தில் எது வரும் என்பது ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. 5 என்ற எண்ணைச் சேர்க்காவிட்டால் வேறு ஏடு திறக்கும். கிரான் என்னும் காலக் குறிப்புக் கோப்புக்கும் இதே கதை. ஐந்து நட்சத்திரக் குறிகளுள் எது நிமிடம், எது மணி என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஐந்தாம் பகுதி ஏட்டைத் திறக்கப் பழகிக்கொண்டால் போதும்.

ஒரு மாதம் நான் வேறு எந்த நூலையும் திறக்கவில்லை. பட்டியலில் ஒரு வரியை எடுப்பது, அதற்குரிய ஏட்டைத் தேடுவது, அதைப் பார்த்துக்கொண்டே செய்வது, பொறியை அணைத்து ஏற்றுவது, நின்றதா என்று பார்ப்பது. இவ்வளவுதான் படிப்பு. ஏறாமல் போனால் அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. "இன்னைக்குத்தான் உருப்படியாப் படிச்சிருக்கீங்க" என்பார். எஃப்எஸ்டேப் வரியை வேண்டுமென்றே தவறாக எழுதி, அவசர நிலைத் திரையை வரவழைத்து, மீண்டு வரும் பயிற்சியை இருபது தடவையாவது செய்திருப்பேன். ஏற்றுவதற்கு முன்னமே, கோப்பில் உள்ளவற்றையெல்லாம் இப்போதே இணை என்று ஒரு கட்டளை கொடுத்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். பத்து எழுத்துக்கும் குறைந்த கட்டளை. அது முன்பே தெரிந்திருந்தால் இக்கட்டுரைக்குப் பொருள் இருந்திராது.

இதற்கு ஒரு பொறி வேண்டுமே என்பீர்கள். தனிப் பொறி வேண்டியதில்லை. நம் மடிக்கணினிக்குள்ளேயே மெய்நிகர் பொறிகள் இரண்டை உண்டாக்கிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. பரிசோதனைக்கு முன் அன்றைய நிலையைப் படம் பிடித்து வைத்தால், எதைக் கெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இயங்குதளத்துக்கும் காசு வேண்டாம். தனி ஆள் ஒருவர் 16 பொறிகள்வரை இலவசமாக வைத்துக்கொள்ள 2021முதல் ரெட் ஹேட் நிறுவனமே இடம் கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் சென்ட்ஓஎஸ் என்ற இலவச உருவில் பயிலுவார்கள். அதன் 8ஆம் பதிப்புக்கு 2021இறுதியிலும் 7ஆம் பதிப்புக்கு 2024 ஜூனிலும் ஆதரவு முடிந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் லினக்ஸை இறக்கிக்கொள்க என்று தொடங்கும் பாடத்தைக் கண்டால் அதன் வயதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். அதன் இடத்தில் இப்போது ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் இருக்கின்றன. இரண்டும் 2021இல் வந்தவை.

நேரு பிளேசில் பழைய மடிக்கணினி வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2025 மே மாதத்தில் வெளிவந்த 10ஆம் பதிப்பு, எக்ஸ்86-64-வி3 என்று குறிக்கும் தரமுள்ள செயலியைக் கேட்கிறது. இன்டெல் வகையில் ஏறத்தாழ 2013க்கு முந்திய செயலிகளில் அது ஏறாது. அவற்றுக்குள் உண்டாக்கும் மெய்நிகர் பொறியிலும் ஏறாது. அத்தகைய பொறிகளுக்கென ஆல்மா லினக்ஸ் தனி உரு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. இது தெரியாமல், இறக்கிய கோப்பு கெட்டுவிட்டது என்று மூன்று தடவை இறக்கிய ஒருவரை எங்கள் விடுதியிலேயே அறிவேன்.

நூலே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஏட்டில் எப்படிச் செய்வது என்று இருக்கும். ஏன் என்பது பல இடங்களில் இராது. அதற்கு நூல் வேண்டும். வட்டுப் பகுதி உண்டாக்கும் கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறிய எல் என்ற எழுத்துக்கு ஒரு பொருள், பெரிய எல்லுக்கு வேறு பொருள். பெரிய எல் அளவைச் சொல்வது. சிறிய எல் துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்வது. ஒரு துண்டு 8 மெபிபைட் என்று தொகுதியை அமைத்திருந்தால் 50 துண்டு என்பது 400 மெபிபைட். துண்டு என்றால் என்ன, அதை ஏன் தொகுதிதோறும் வகுத்திருக்கிறார்கள் என்று விளக்கும் நூல் உங்களிடம் இருந்தால் இந்தக் கணக்கில் தடுமாற மாட்டீர்கள். விளக்காமல் கட்டளையை மட்டும் அச்சிட்ட நூலில் படித்தவர், கேள்வி சற்றே திரும்பினாலும் விழுந்துவிடுவார். 9ஆம் பதிப்புக்கு நான் வைத்திருந்தவை சாண்டர் வான் வூட் எழுதிய நூலும் அஸ்கர் கோரி எழுதிய நூலும். முன்னது காரணத்தை நிதானமாகச் சொல்கிறது; பின்னதில் செய்து பார்க்கப் பயிற்சிகள் நிறைய. இரண்டையும் வாங்கப் பணமில்லாதவர் ஒன்றை வாங்கி, மற்றதை நூலகத்தில் கேட்கலாம். நிறுவனமே நடத்தும் ஆர்எச்124, ஆர்எச்134 என்னும் இரு வகுப்புகள் உண்டு. தரம் உயர்ந்தவை, கட்டணமும் அப்படியே. வேலை கொடுத்தவர் பணம் கட்டினால் போய் வாருங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம்.

எந்தப் பாடமானாலும் அதைச் சோதிக்க எனக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எஸ்இலினக்ஸ் என்னும் காவல் ஏற்பாட்டை அது எப்படி நடத்துகிறது என்று பார்ப்பேன். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவது அது. தொல்லை பிடித்த சாமான்தான். அதனால் இணையத்தில் கிடக்கும் பாடங்கள் பல, முதல் வேலையாக அதை அணைத்துவிடு என்று தொடங்குகின்றன. வாசற்கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றி எறிகிறவர்கள்! தேர்வுப் பட்டியலில் அந்தக் காவலை நிருவகிப்பதே ஒரு பாடம். அதை அணைக்கச் சொல்லும் பாடத்தை அந்த வரியோடு மூடிவிடுங்கள். கோப்புகளுக்கு உரிய முத்திரையை இடும் கட்டளையின் ஏட்டில், வலைத்தளக் கோப்புறை ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் செய்தால் கதவு கிறீச்சிடுவதும் நின்றுவிடும்.

கேள்விக் கொத்துகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டம்ப் என்று பெயர். உண்மையான தேர்வில் வந்தவை என்று சொல்லி விற்பார்கள். தோற்ற அந்த வாரத்தில் பக்கத்து அறை நண்பர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார், என்மேல் இரக்கப்பட்டுத்தான். புரட்டிப் பார்த்தேன், மறைப்பதற்கில்லை. பாதி விடை பழைய பதிப்புக்கு உரியது. இரண்டு விடை முழுத் தவறு. விற்றவரும் என்னைப்போல் தவறியவராக இருக்கலாம்! சரியான விடைகளே இருந்தாலும் அதை வைத்துத் தேறுவது ஒப்பந்தத்தை மீறுவது. கண்டுபிடித்தால் சான்று பறிபோகும். அதைவிட எனக்கு அச்சம் தந்தது வேறு. சான்றைக் காட்டி வேலைக்குப் போன முதல் மாதத்தில், நள்ளிரவில், ஒரு மருத்துவமனையின் பொறி அந்த அவசர நிலைத் திரையில் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். கொத்தை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

கட்டளைத் திரையையே பார்த்திராத தம்பி, தங்கையருக்கு மேற்சொன்னவை எல்லாம் மலைப்பாக இருக்கும். அவர்கள் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றும் சிறியது, பக்கத்திலேயே நாமும் தட்டிக்கொண்டு போகும்படி அமைத்தது, இலவசம். லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. தில்லிக் குளிரில் போர்வைக்குள் இருந்துகொண்டு அதைத் தமிழில் கேட்டபோது, இது நமக்கும் வரும் என்று முதன்முதலாக எனக்கே தோன்றியது. தேர்வுக்கு அது போதாது, தொடங்குவதற்குப் போதும்.

வேறு லினக்ஸ் தேர்வுகளுக்கு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்பிஐசி-1 என்று ஒன்று உண்டு. இரண்டு தாள், தாளுக்கு 60 கேள்வி, 90 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் அங்கே வேலை. அங்கே தொட்டுப் பார்க்கப் பொறியும் இல்லை; திறந்து பார்க்க ஏடும் இல்லை. எந்தக் கட்டளைக்கு எந்த விசையெழுத்து என்று நெஞ்சில் இருத்த வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தின் முறையோடு டெபியன் குடும்பத்தின் முறையும் தெரிய வேண்டும். அந்தத் தேர்வுக்குச் சிறு அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வது நல்ல படிப்பு. இங்கே அதே படிப்பு பாதி வீண். சான்றின் காலமும் வேறு. அது ஐந்து ஆண்டு.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது, மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை பொறியை அணைத்து ஏற்றினேன். ஒருமுறை ஏறவில்லை. திரையைப் பார்த்ததும் பழகிய முகத்தைக் கண்டதுபோல் இருந்தது. திருத்திவிட்டு ஏற்றினேன். மின்னஞ்சல் வந்த அன்று முதலில் அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் புஸ்தகத்தைப் பத்திரமா வச்சுக்கோ, யாருக்காவது உதவும்" என்றார். எந்தப் புத்தகம் என்று அவரிடம் விளக்க முயன்று விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் முதலாண்டு மாணவர் ஒருவர், கோவைப் பக்கத்துத் தம்பி, என் அறைக்கு வந்தார். சான்றுத் தேர்வு எழுதப் போவதாகவும், என் நூலை இரவல் தர முடியுமா என்றும் கேட்டார். எந்தப் பதிப்பின் தேர்வு என்று கேட்டேன். அதைப் பார்க்கவில்லைங்க அண்ணா என்றார். பட்டியலை அச்செடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்தார், இருவரும் தரையில் உட்கார்ந்து நூலின் உள்ளடக்கத்தை வரி வரியாக ஒப்பிட்டோம். நின்ற அத்தியாயங்களுக்குப் பென்சிலால் கோடு போட்டோம். பிறகு, அட்டையின் உட்புறத்தில் 9 என்று பெரிதாக எழுதி நூலை அவர் கையில் கொடுத்தேன்.